உன் இதயத்துக்கு ஷிப்டு போட்டுக் காவல்

மாமு,

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகும்போது இளநீர்க்காரர் ஒருவர் காயைச் சீவிக்கொண்டிருந்தார். பச்சை மட்டை வெட்டுப்படும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. துறைமுகத்தில் பழைய கயிறு ஏலம். நேரத்துக்குப் போகாவிட்டால் வேறொருவன் தட்டிக்கொண்டு போய்விடுவான். அப்படியும் நின்றேன். ஒரு பெண்மணி இரண்டு கையிலும் இளநீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எங்கூட்டுக்காரருக்கு. நெஞ்சுல சளி கட்டிக்கினு படுத்துக்கீறாரு."

"குடுக்கலாமான்னு டாக்டரக் கேட்டியா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எளநீ குடுக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா டாக்டரு? வெள்ள வேட்டி கட்டினவன்லாம் வைத்தியனா?"

"கேட்டுட்டுக் குடும்மா, ஒண்ணும் கொறஞ்சிடாது" என்று சொல்லி வழிவிட்டேன். முனகிக்கொண்டே போனார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அப்புறம் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று முழுக் கதையையும் கைகாலை ஆட்டிச் சொல்லியிருப்பாய். சொல்ல நீ இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கோதுமைக் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற காலம் அது. ஊரில் அரிசி கிடைக்காமல் ஜனம் கியூவில் நின்றது. துறைமுகத்தில் வெளிநாட்டுக் கோதுமை இறங்கிக்கொண்டே இருந்தது. கப்பல் மேல்தளத்தில் நின்று சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சு உன் கையில். உன்னைப் போல மெத்தென்று மூட்டையை இறக்குகிறவன் அந்தப் பக்கம் யாருமில்லை என்று தண்டல் முனுசாமி சொல்வார். உங்கள் கூட்டத்துக்குத் தலைவர், வாயைத் திறந்து பாராட்டுவது அபூர்வம்.

நான் அப்போதுதான் தலையெடுத்திருந்தேன். துறைமுக வாசலில் சோடா விற்றவன், கப்பல்கள் கழித்துப் போடும் கயிறும் தார்ப்பாயும் வாங்கி விற்கிறவனாக மாறி, ராயபுரத்தில் ஒரு கொடவுனும் பிடித்துவிட்டேன். நான் முதல் கயிறு லாட்டு எடுக்க வந்த அன்று, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த நீ கத்தினாயே: "மேல பளபளன்னு கீதுன்னு ஏமாந்துடாத நைனா, உள்ள பிரிச்சிப் பாரு!" பிரித்துப் பார்த்தேன். உள்ளே மக்கிக் கிடந்தது. அன்றிலிருந்து நீ எனக்கு மாமு. கொடவுன் பிடித்த பிறகு நான் உனக்குச் 'சேட்டு'. அந்தப் பேரில் இருந்த நக்கல் கடைசி வரைக்கும் போகவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் நீ நனைந்துகொண்டே வின்ச்சு ஓட்டினாய். இருமல் வந்தது. கோதுமைத் தூசு என்றாய். காய்ச்சல் வந்தது. சுக்குக் கஷாயம் போதும் என்றாய். துருப்பிடித்த நிறத்தில் சளி வந்தபோது உன் மனைவி ஃபிலோ என் கடைக்கு ஓடிவந்தாள். கயிறு ஏற்றும் கைவண்டியில் பாய் விரித்து உன்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். போகிற வழியில்கூட நீ, "சேட்டு, வண்டி சக்கரத்துக்கு எண்ண போடு, கத்துது" என்றாய்.

நிமோனியா என்றார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. உடம்பு வேர்த்துக் கொட்டி, நீ கண்ணைத் திறந்து சிரித்தாய். ஃபிலோ நேராகக் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். முனுசாமி தன் ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். காய்ச்சல் போனால் வியாதி போச்சு. நம் பக்கத்தில் அதுதானே கணக்கு?

ஆனால் உனக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. படுக்கவைத்தால் திணறினாய். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அந்த வார்டு டாக்டரம்மாவுக்கு வயது குறைவு, பார்வை கறார். அவர் உன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அப்புறம் போர்வையை விலக்கி உன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி அப்படியே இருந்தது. களிமண்ணில் அழுத்தினது போல.

என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அழாமல் நின்றவன் நான் ஒருவன்தான், அதனால் இருக்கும்.

"இவருக்கு முன்னாடியே ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு, யாரும் பார்க்கல. நுரையீரல்ல நிமோனியா வந்தா இதயம் ரெண்டு பங்கு வேலை செய்யணும். செஞ்சு செஞ்சு இப்ப தளர்ந்துபோச்சு. காய்ச்சல் போனாலும் ஆபத்து போகல. இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம தண்ணி கால்லயும் நெஞ்சுலயும் தேங்குது."

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன். "எவ்ளோ செலவானாலும் பரவால்லம்மா, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க. தெம்பு வந்துடும்."

"ஏத்தினா இன்னிக்கே ஆளை இழந்துடுவோம்" என்றார்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இதயத்துக்கு ஒரு மாத்திரை. தேங்கின நீர் சிறுநீராக வெளியேற ஊசி. உப்பு கூடாது. மல்லாக்கப் படுக்கக் கூடாது, தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் இருக்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. தண்ணீர் அளந்துதான் தர வேண்டும், சிஸ்டர் வைக்கிற சின்ன ஜாடியில் உள்ளது மட்டும்.

"நிமோனியாவை மருந்து பார்த்துக்கும். இதயத்தை நீங்கதான் பார்த்துக்கணும். இந்தக் குழி என்னிக்கு விழாம இருக்கோ, அன்னிக்கு ஜெயிச்சோம்."

சரக்கு என்ன, கெடு என்ன என்று புரிந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். தெம்பாகத்தான் உள்ளே வந்தேன். ஆனால் அந்தத் தெம்பு நீ வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

"சேட்டு... ஒரு வாய் தண்ணி."

"ஜாடி தீந்துபோச்சு மாமு. சாயங்காலம்."

"நாக்கு ஒட்டிக்கினு கீதுடா."

"தெரியுது. சாயங்காலம்."

ஃபிலோ எழுந்து நின்றாள். அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "சீக்காளி தண்ணி கேட்டு இல்லன்றியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? நாய்க்குக்கூட ஊத்துவாங்களேய்யா! நாளைக்கு நீ கெடக்கும்போது உனுக்கும் ஒரு சொட்டு கெடைக்காது, பாத்துக்கினே இரு!"

அவளைக் குறை சொல்ல முடியாது. சாகிறவன் வாயில் தண்ணீர் விடாதவன் பாவி என்றுதான் அவளும் வளர்ந்தாள், நானும் வளர்ந்தேன். அவள் மாதா கோயிலில், நான் மாரியாத்தா கோயிலில். இந்த ஒன்றில் மட்டும் வித்தியாசமே இல்லை. டாக்டரம்மா சொன்ன விதி எங்கள் ரத்தத்தில் ஊறியதற்கு நேர் எதிர்.

ஊசி போட்டும் உன் கால் வடியவில்லை. இன்னும் ஏறியது. குழி முழங்கால் பக்கம் வந்தது. டாக்டரம்மா கோபத்தோடு கேட்டார்: "யார் தண்ணி குடுக்கறது?" எல்லோரும் மாதாவின் மேல் சத்தியமாக இல்லை என்று தலையாட்டினோம்.

நான் கடையை மூடிவிட்டு வந்து, உன் ஜன்னலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்வை நேரம் தொடங்கியது. துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து உன் கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். ஒருவன் மடியில் சோடா. ஒருவன் சட்டைக்குள் ஓட்டை போட்ட இளநீர். இன்னொருவன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தான். பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் கஞ்சியில் பாதியை உனக்கு ஊற்றினார். ஃபிலோ துண்டை நனைத்து உன் உதட்டில் வைத்தாள். நீ அதைக் கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சினாய். ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் இளநீர் மட்டை குவியலாகக் கிடந்தது.

ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு வாய்தான். அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் உனக்கு எத்தனை தோஸ்துகள் மாமு! அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு வாயாக உன்னை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்று சண்டை போடலாம் என்றுதான் முதலில் எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கூட்டமாக வருகிறவனிடம் 'கூடாது' என்றால் அவன் பின்பக்கமாக வருவான். வேறொன்றைக் கையில் கொடுத்தால்தான் கேட்டதை மறப்பான். வியாபாரத்தில் நான் கற்ற பாடம் அவ்வளவுதான். மறுநாள் துறைமுக வாசலில் காத்திருந்து முனுசாமியைப் பிடித்தேன்.

"தண்டல், ஒரு நிமிசம் வா. உன் ஆளப் பாரு."

"அதான் டெய்லி பாக்கறனே, நைனா. எளநீகூடக் குடுத்தேன்."

"அதுக்குத்தான் கூப்புடறேன்."

அவரை நேராக உன் கட்டிலுக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் முனுசாமியின் பருத்த கட்டைவிரலைப் பிடித்து உன் காலில் அழுத்தச் சொன்னார். கொக்கியும் கம்பியும் பிடித்துக் காய்த்துப்போன விரல். எடுத்தார். குழி. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குழி நிரம்பும் என்று காத்திருந்தார். நிரம்பவில்லை.

"இன்னாம்மா இது?"

"தண்ணி. உள்ள தேங்கின தண்ணி. நெஞ்சுலயும் இதே மாதிரி நிக்குது."

நான் குறுக்கே புகுந்தேன். "தண்டல், கப்பலுக்கு அடியறையில தண்ணி ஏறுது. பம்பு மக்கர் பண்ணுது. அந்த நேரத்துல மேல நின்னுக்கினு நீ பக்கெட்டு பக்கெட்டா ஊத்துவியா?"

முனுசாமி டாக்டரம்மாவைப் பார்த்தார். "பம்புன்றது..."

"இதயம்தான்" என்றார் அவர்.

முனுசாமி திரும்பி, ஜன்னலுக்கு வெளியே சோடாவோடு நின்ற தன் ஆட்களைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். "டேய் கஸ்மாலங்களா! பம்பு ரிப்பேர்ல கீது, தண்ணியா ஊத்தறீங்க? எட்றா அந்தச் சோடாவ!" தானும் இளநீர் கொடுத்தவர்தான் என்பதை அந்த நொடியிலேயே மறந்துவிட்டார். தலைவர்கள் அப்படித்தான்.

அதோடு அவர் விடவில்லை. துறைமுகத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் அடுத்த கூட்டம் ஏறும்; கப்பல் ஒரு நாழிகை சும்மா நிற்காது. அதே முறையை உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். டாக்டரம்மா பேசி அனுமதி வாங்கித் தந்தார்: ஒரு நேரத்தில் ஒரு ஆள், கட்டில் பக்கத்தில் ஸ்டூல், சத்தம் கூடாது. வேலை முடித்து வருகிறவன் உட்காருவான், வேலைக்குப் போகிறவன் எழுந்து போவான். போகும்போது வருகிறவனிடம், "ஜாடி பாதி கீது. தலகாணி சரியா கீது. எறங்கப் பாத்தான், வுடல" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கப்பல் வேலையை ஒப்படைக்கிற அதே மாதிரி. உன்னை மூழ்கடித்தவர்களே உன் இதயத்துக்குக் காவலானார்கள்.

ஃபிலோவிடம் மட்டும் முனுசாமியின் கத்தல் செல்லுபடியாகவில்லை. அவளிடம் நான்தான் போனேன். அந்தச் சின்ன ஜாடியை அவள் கையில் வைத்தேன்.

"இதுல இருக்கறது பூரா உன் கையாலதான். நான் தரமாட்டேன், சிஸ்டர் தரமாட்டாங்க, தண்டல் தரமாட்டாரு. எப்ப, எவ்ளோன்னு நீதான் பாத்து ஊத்தணும். இது காலியானா மட்டும் இன்னொண்ணு கேக்கக் கூடாது."

அவள் ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நானே குடுக்கலாமா?"

"நீ மட்டும்தான்."

அதற்கப்புறம் அந்த ஜாடியை அவள் நற்கருணைப் பாத்திரம் மாதிரி காத்தாள். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினாள். இல்லை என்று சொல்லச் சொன்னால் கடைசி வரை கேட்டிருக்க மாட்டாள். கொடு என்று சொன்னதும் என்னைவிடக் கறாராகிவிட்டாள்.

உங்கள் ஆட்களின் கறார் வேறு மாதிரி. ஒருநாள் சிஸ்டர் இதய மாத்திரையும் கால் தம்ளர் தண்ணீரும் எடுத்து வந்தார். ஸ்டூலில் இருந்தவன் எழுந்து கையை விரித்துக்கொண்டு மறித்தான். "தண்ணி உள்ள போவக் கூடாது. தண்டல் ஆர்டரு."

"மாத்திரைய எப்படிய்யா முழுங்குவாரு?"

"அது எனக்குத் தெரியாது சிஸ்டர். தண்டலக் கேளுங்க."

"நான் நாடி பாத்து மாத்திரை குடுக்க வந்தவ. உங்க தண்டலு யாரு எனக்கு?" என்று சிஸ்டர் கத்த, பக்கத்துக் கட்டில் பெரியவர் சிரித்ததில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. கடைசியில் ஃபிலோ தன் ஜாடியிலிருந்து ஊற்றித் தந்தாள்.

நீ சும்மா இருந்தாயா? திட்டித் தீர்த்தாய். "சேட்டு, வெளிய வந்ததும் மொத வேலயா உன் கொடவுனக் கொளுத்தறேன்."

"கொளுத்து. அதுக்கு நீ வெளிய வரணும். அதுவரைக்கும் சாஞ்சி உக்காரு."

"கல்லு நெஞ்சுடா உனுக்கு."

"அப்பிடியே வெச்சிக்க. உன் நெஞ்சத்தான் பாக்கச் சொல்லிக்கீறாங்க, என்னுத இல்ல."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்திருப்பேன்.

கால் வடிய ஆரம்பித்தது. முதலில் முழங்கால், அப்புறம் கெண்டைக்கால். ஊசி போட்டதும் நீ சிறுநீர் கழிக்கிற பாத்திரத்தைச் சிஸ்டர் எடுத்துப் போகும்போது, ஸ்டூல்காரன் எழுந்து நின்று, "பம்பு ஓடுது! பம்பு ஓடுது!" என்று ஜன்னலுக்கு வெளியே சேதி சொல்வான். தலையணை ஒன்றொன்றாகக் குறைந்தது. நீ திணறாமல் தூங்கினாய். உன் குறட்டையைக் கேட்டு ஒரு வார்டே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

பிறகு அந்தக் காலை. டாக்டரம்மா வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நாடி பிடித்தார். போர்வையை விலக்கினார். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினார். விரலை எடுத்தார்.

தோல் எழும்பி வந்துவிட்டது. குழி இல்லை.

"எனக்கு நம்பிக்க இல்ல" என்று முனுசாமி தானும் அழுத்திப் பார்த்தார். ஃபிலோ அழுத்தினாள். நான் அழுத்தினேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் காலைத் தானே அழுத்திக்கொண்டார். நீதான் கத்தினாய்: "யோவ், அது காலுய்யா, காலிங் பெல்லு இல்ல!" முனுசாமி பாரம் தூக்கும்போது போடுகிற அந்தக் குரலை வார்டு நடுவில் போட்டார் பார், வெளியே வேப்பமரத்துக் காக்கா பறந்தது, சிஸ்டர் ஓடிவந்தார். டாக்டரம்மா அதட்டத்தான் வாயைத் திறந்தார். அதட்டல் வரவில்லை. சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது படி இறங்கக் கூடாது என்று சொன்னார். உன்னை நாற்காலியோடு தூக்கினார்கள். முன்னால் முனுசாமி பின்பக்கமாக நடந்துகொண்டு, வின்ச்சுக்காரனுக்குக் கைகாட்டுகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டு, "ஆரியா... ஆரியா... மெதுவா..." என்று, சரக்கை இறக்கச் சொல்லும் அதே துறைமுகக் குரலில் உன்னை இறக்கினார். இத்தனை வருஷம் மற்றவர் சரக்கை மெத்தென்று இறக்கியவனை அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து இறக்கினார்கள். தெருவில் ஜனம் வேடிக்கை பார்த்தது. நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டுக்கொண்டே போனாய்.

வின்ச்சு உனக்கு இனி ஆகாது என்றார்கள். என் கடைக்கு வந்து பங்காளியாக உட்கார்ந்தாய். கயிற்றைப் பிரித்துப் பார்ப்பது உன் வேலை, பேரம் என் வேலை. அளவாக உப்பு, தவறாமல் மாத்திரை. உன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தாய். கோயிலில் மோதிரம் மாற்றி வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாயே.

"மாப்ள, எனுக்குத் தண்ணி குடுக்காத தோஸ்து இவுருதான். கால்ல வுழு."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பழைய பகை என்று நினைத்திருப்பார்கள். ஃபிலோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

போன வருஷம் உன்னைக் கொண்டுபோனது வயிற்றில் வந்த கட்டி. இதயம் இல்லை. கடைசியில் பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இதயம் நல்லா ஓடுது, அதான் இவ்வளவு நாள் தாங்கறாரு" என்றபோது, அழ வேண்டிய இடத்தில் எனக்குத் திமிர் வந்தது. ஓடாமல் என்ன செய்யும்? யார் காவல் இருந்த இதயம் அது!

போன மாதம் வணிகர் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செல்வர், வள்ளல் என்று என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பி வரும் வழியில் உன் தெருவுக்குள் நுழைந்தேன். உன் பேரன் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். ஃபிலோ அவனுக்கு என்னைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பேர்தான். என்னைப் பார்த்ததும் பம்பரத்தை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

"ஆயா, தண்ணி தராத தாத்தா வந்துக்கீறாரு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உள்ளே போனேன்.